முப்பது பேரின் எடை

பத்தாம் வகுப்புக் குடிமையியல் புத்தகத்தில் வாக்குரிமைப் பாடம் வந்துவிட்டால் மகிழினிக்குத் தனி உற்சாகம் பிறந்துவிடும். மற்றப் பாடங்களை நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடத்துகிறவள், அன்றைக்கு மட்டும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வகுப்பு முழுக்க நடப்பாள். வடமேட்டுக்குப்பம் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியலுக்கு அவள் ஒருத்திதான். மாற்றலாகி வந்த புதிதில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பாடம் நடத்திப் பார்த்தாள். மேசைமேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குச் சாம்பல் படிந்தது. அதற்குப் பிறகு மற்றவர்களைப் போல அவளும் ஜன்னலைச் சாத்தி வைக்கப் பழகிவிட்டாள். கடற்கரையை ஒட்டி நின்ற எரிமின் நிலையம் மாநிலத்தில் பாதி ஊர்களின் குப்பையை எரித்து, அந்த ஊர்களுக்கே மின்சாரமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. குப்பத்து ஜனங்களுக்கு அது வெறும் 'பிளாண்ட்'.

"ஒரு வீடு கட்டுறோம்னு வச்சுக்கோங்க" என்று அன்றைக்கு ஆரம்பித்தாள். "அதுல ரெண்டு மாசம் தங்கிட்டுப் போறவரும் இருக்காரு, நாப்பது வருஷம் குடியிருக்கப்போறவரும் இருக்காரு. சமையல்கட்டு எந்தப் பக்கம் வரணும்னு யாரைக் கேட்கணும்?"

"இருக்கப்போறவங்களை மிஸ்!"

"அவ்வளவுதான் சட்டம். ஒரு காலத்துல ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டும் ஒண்ணுதான். நாட்டுல வயசானவங்க எண்ணிக்கை அதிகமாச்சு. காடு, ஆறு, கடல் எல்லாத்தையும் பத்தி அவங்களே முடிவெடுத்துட்டு அவங்க போயிட்டாங்க. அனுபவிச்சது அவங்க பேரப்பிள்ளைங்க. அந்தப் பிள்ளைங்க தெருவுல இறங்கிப் போராடினாங்க. அப்பதான் இந்தச் சட்டம் வந்துச்சு. இனி எத்தனை வருஷம் வாழப்போறோமோ, அதுதான் நம்ம ஓட்டோட எடை."

வாக்களிக்கும் வயதும் பதினாறாகக் குறைந்திருந்தது. அதனால்தான் பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள், ஒரு குழாயில் மூச்சை ஊதச் சொன்னார்கள். இயந்திரம் அதையெல்லாம் வைத்து ஒவ்வொருவருக்கும் ஓர் எடையைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டது. யாருடைய எடையும் யாருக்கும் தெரியாது. சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசி பெஞ்சிலிருந்து ஜோவின் எழுந்தான். "அப்போ எங்க எம்.எல்.ஏ.வைவிட எங்க ஓட்டு வெயிட்டா மிஸ்?"

"அவருக்கு எழுபது தாண்டியாச்சு. நீயே பார்த்துக்கோ."

வகுப்பே மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தது. மகிழினியும் சிரித்தாள். இந்தப் பிள்ளைகளை எங்கேயும் யாரும் பெரிதாக மதித்ததில்லை. இந்த ஒரு விஷயத்திலாவது அவர்கள் கனமானவர்கள் என்று சொல்ல முடிவதில் அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது.

அந்த வருடம் கல்வித்துறை ஒரு புதிய ஏற்பாடு செய்திருந்தது. பாடத்தோடு ஒரு பயிற்சித் தேர்தலும் நடத்த வேண்டும். தூரத்தில் உள்ள இரண்டு பள்ளிகளை ஜோடி சேர்த்து, ஒரே கேள்விக்கு இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் வாக்களிக்க வேண்டும். நிஜத் தேர்தலில் வைக்கிற அதே இயந்திரம், பிள்ளைகளின் அதே எடை. வடமேட்டுக்குப்பத்துக்கு ஜோடியாக வந்தது தென்மலை நகர்ப் பள்ளி. நல்ல காற்று வேண்டும் என்பதற்காகவே வசதி உள்ளவர்கள் மலைமேல் போய்க் குடியேறி உருவாக்கிய ஊர் அது. கேள்வி, பிள்ளைகளுக்குப் பிடித்த மாதிரியானதுதான்: இரண்டு வகுப்பும் சேர்ந்து சுற்றுலா போக வேண்டியது மலைக்கா, கடலுக்கா?

குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கடல் அலுத்துப்போன விஷயம். முப்பது பேரும் வரிசையாகப் போய் மலைக்குப் போட்டார்கள். தென்மலைப் பிள்ளைகளில் பலர் கடலையே பார்த்ததில்லை. அவர்கள் எல்லோரும் கடலுக்குப் போட்டிருந்தார்கள்.

திரையில் முடிவு வந்தது. மலை 810. கடல் 1452.

"போச்சு!" என்று யாரோ கத்தினார்கள். "அங்க பெரிய ஸ்கூலுடா. ஆளு ஜாஸ்தி."

முதல் வரிசையில் இருந்த லத்திகா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிளாண்டின் சாம்பல் யார்டில் வேலை பார்க்கும் தணிகாசலத்தின் மகள். கணக்கில் கெட்டிக்காரி, வாயைத் திறப்பது அபூர்வம்.

"மிஸ், கீழ போட்டிருக்கு பாருங்க. அங்க இருபத்திரண்டு பேருதான். நாம முப்பது பேரு. எல்லாருமே மலைக்குத்தான போட்டோம்?"

எல்லோரும் கையைத் தூக்கினார்கள். லத்திகா யாரையும் கேட்காமல் கரும்பலகைக்குப் போனாள். மகிழினி அவளைத் தடுக்கவில்லை. என்ன செய்யப்போகிறாள் என்பது அவளுக்கு அந்த நிமிடம் உறைக்கவில்லை. லத்திகா 1452 என்று எழுதி, இருபத்திரண்டால் வகுத்தாள். அறுபத்தாறு வந்தது. பக்கத்தில் 810 என்று எழுதி முப்பதால் வகுத்தாள். இருபத்தேழு. சாக்பீஸைக் கீழே வைக்காமல் திரும்பி நின்றாள்.

"இது இன்னா மிஸ்? வருஷமா?"

மகிழினி கரும்பலகைத் துடைப்பானைத் தேடினாள்.

ஜோவின் தனக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தான். "பதினாறும் இருபத்தேழும்... நாப்பத்தி மூணு." பிறகு, விடை சரியாக வந்துவிட்டது போல, அமைதியாகச் சொன்னான்: "எங்க அப்பா செத்தப்போ நாப்பத்தி ரெண்டு."

"அது சராசரிதான் கண்ணா" என்றாள் மகிழினி. "ஒவ்வொருத்தருக்கும் அதுதான்னு அர்த்தம் இல்ல. சிலருக்குக் கூட இருக்கும்..."

"சிலருக்குக் கம்மியா இருக்கும்" என்று முடித்தாள் லத்திகா. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கணக்கில் விட்டுப்போன வரியைச் சேர்ப்பது போலத்தான் சொன்னாள்.

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

தலைமையாசிரியர் கிஷோர் மகிழினி சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு அறைக் கதவைச் சாத்தினார்.

"ஒவ்வொருத்தரோட எடையும் ரகசியம் மேடம். கூட்டி வகுத்தா வர்றது யாரோட எடையும் இல்ல. அதனால சட்டப்படி தப்பு ஒண்ணும் நடக்கல."

"தப்பு நடந்துச்சான்னு நான் கேட்கல சார். உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு வகுத்தல் தெரியும் மேடம். வகுக்காம இருக்கவும் தெரியும்."

மகிழினி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை. அவரும் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

"மாசியில பிளாண்டுக்கு உரிமம் முடியுது" என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "இன்னும் முப்பது வருஷம் நீட்டிக்கலாமா, நிறுத்தலாமான்னு பொது வாக்கெடுப்பு. கரண்டு போற ஊர் எல்லாத்துக்கும் ஓட்டு உண்டு. நம்ம பசங்களுக்கு அதுதான் முதல் ஓட்டு. இந்த நேரத்துல அவங்க மனசுல எதையும் போடாதீங்க. வாக்குரிமைன்னா என்ன, பட்டனை எப்படி அமுக்கணும், அதோட நிறுத்திக்கோங்க."

பேருந்துக்குக் காத்திருந்தபோது அவள் மனம் அதையே சுற்றிச் சுற்றி வந்தது. இங்கே காற்று கெட்டிருக்கிறது, ஆயுசு குறைகிறது. ஆயுசு குறைவதால் ஓட்டின் எடை குறைகிறது. எடை இல்லாததால் காற்றைக் கெடுப்பதை நிறுத்தச் சொல்ல முடியவில்லை. நிறுத்த முடியாததால் காற்று இன்னும் கெடும். அடுத்து வருகிற வகுப்புக்கு இருபத்தேழுகூட இருக்காது. இப்படி ஓர் ஏற்பாட்டைக் கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நல்ல எண்ணத்தில் செய்த சட்டம். அதைத்தான் அவள் தலைப்பைச் செருகிக்கொண்டு வருடா வருடம் நடத்தினாள்.

மறுநாள் அவள் தலைமையாசிரியர் சொன்னதைக் கேட்கவில்லை.

"அந்த இருபத்தேழு கல்லுல எழுதினது இல்ல" என்றாள் வகுப்பில். "பிளாண்ட் இதே மாதிரி ஓடும்னு வச்சு இயந்திரம் போட்ட கணக்கு அது. பிளாண்டை நிறுத்தினா கணக்கு மாறும். மாசியில அதுக்குத்தான் உங்க கையில ஓட்டு இருக்கு. எடை கம்மிதான், ஆனா இருக்கு. எல்லாரும் சேர்ந்து போட்டா கொஞ்சம் கொஞ்சமா சேரும்."

"எவ்ளோ மாறும் மிஸ்?" என்று கேட்டாள் லத்திகா.

மகிழினிக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்ய வந்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் போய்ப் பார்த்தாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கித்தான் பதில் சொன்னார். பதினாறு வருடம் இந்தக் காற்றைச் சுவாசித்தாகிவிட்டது, கெட்டது கெட்டதுதான். இன்றைக்கே நிறுத்தினாலும் இவர்களுக்கு ஐந்து வருடம் கூடலாம். இனிமேல் பிறக்கப்போகும் குழந்தைகளுக்குத்தான் முழு ஆயுசும் திரும்பக் கிடைக்கும்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் மழுப்பியிருக்கலாம். மகிழினி சொன்னாள். பொய் சொல்லி ஓட்டுப் போட வைப்பதற்கு அவள் எதற்கு, மேடையில் பேச ஆட்கள் இருக்கிறார்களே என்று நினைத்தாள்.

வகுப்பு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது. ஒருவரும் அழவில்லை. லத்திகா மட்டும் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளு."

"உங்க பொண்ணை ஏன் மிஸ் இங்க வச்சுக்கல?"

மகிழினியின் மகள் கயல் திருவண்ணாமலைப் பக்கம் சித்தி வீட்டில் வளர்ந்தாள். இங்கே வந்த முதல் வருடமே குழந்தைக்கு இருமல் நிற்காமல் போனதும் மகிழினிதான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். மாதம் ஒரு முறை பார்க்கப் போவாள்.

"இருமல் வந்துச்சும்மா" என்றாள் மகிழினி.

லத்திகா தலையை ஆட்டினாள். "நல்லா இருக்கட்டும் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள்.

தை மாதம் தென்மலைப் பிள்ளைகள் கடல் பார்க்க வந்தார்கள். வென்றவர்கள் அவர்கள்தான், கடல் என்று முடிவானது, துறை அவர்களை அனுப்பிய கடற்கரை வடமேட்டுக்குப்பம்தான். பேருந்திலிருந்து ஓவென்று இறங்கிய பிள்ளைகள் மணலில் கால் வைத்ததும் சத்தம் அடங்கி நின்றார்கள். அலை சாம்பல் நிறத்தில் வந்து, கரையில் ஒரு கறுப்புக் கோட்டை விட்டுவிட்டுப் போனது. சற்று நேரத்தில் அவர்களில் பாதிப் பேர் இருமினார்கள். அவர்கள் டீச்சர் முகக் கவசங்களை எடுத்து எல்லோருக்கும் மாட்டிவிட்டார். குப்பத்துப் பிள்ளைகள் கவசம் இல்லாமல் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

தியா என்ற பெண் லத்திகாவோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின்மேல் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். கிளம்பும்போது தியாவின் கண்கள் சிவந்திருந்தன. புகையால் மட்டும் இல்லை.

"மிஸ், எங்க ஊருக்குக் கரண்டு இங்கிருந்துதான் வருதுன்னே எங்களுக்குத் தெரியாது" என்றாள் மகிழினியிடம். "நாங்க எல்லாரும் நிறுத்தணும்னுதான் போடுவோம். எங்க அப்பா அம்மாவையும் போடச் சொல்றோம். ப்ராமிஸ். எங்க ஓட்டுக்குத்தான் எடை ஜாஸ்தியாமே."

மகிழினி தியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது லத்திகா, கிளம்புகிற பேருந்துக்குக் கை காட்டாமல், படகில் ஒட்டியிருந்த சாம்பலை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல பொண்ணு இல்ல?" என்றாள் மகிழினி.

"நல்ல பொண்ணுதான் மிஸ். என்னைக் கண்டா பாவமா இருக்காம்."

தென்மலைப் பிள்ளைகள் சொன்னபடியே செய்தார்கள். சாம்பல் அலையைப் படம் எடுத்துப் போயிருந்தார்கள். அது மலை ஊர்கள் எங்கும் சுற்றியது. பெற்றவர்கள் கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். பிளாண்ட் நிற்கப்போகிறது என்றே தொலைக்காட்சியில் பேச ஆரம்பித்தார்கள். குப்பத்தில் மட்டும் சத்தமே இல்லை. மகிழினி அதை நம்பிக்கையின்மை என்று எடுத்துக்கொண்டாள். எத்தனை தடவை தோற்றவர்கள்!

வாக்கெடுப்பு அன்று பள்ளியே வாக்குச்சாவடி. மகிழினி வாக்குச்சாவடி அலுவலர். காலையிலேயே அவளுடைய பிள்ளைகள் தலை சீவி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். விரலில் மை வைத்தபோது ஜோவின் மட்டும் அவளைப் பார்த்துச் சிரித்தான். லத்திகா குனிந்த தலையோடு உள்ளே போனாள், குனிந்த தலையோடு வெளியே வந்தாள். முதல் ஓட்டின் கூச்சம் என்று மகிழினி நினைத்தாள்.

வாக்குப்பதிவு முடிந்து இயந்திரத்தை மூடும்போது, அலுவலர் சரிபார்ப்பதற்காகச் சாவடியின் தலைக்கணக்கு ஒரு நிமிடம் திரையில் வரும். எடை வராது. எந்தப் பக்கம் எத்தனை பேர், எந்த வயதினர் என்பது மட்டும் வரும். அதை வெளியே சொல்லக் கூடாது என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். பெரியவர்கள் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். முதன்முறை வாக்களித்தவர்கள் பிரியவில்லை. அவள் பாடம் நடத்திய பிள்ளைகளும், போன வருடம் நடத்திய பிள்ளைகளும், அநேகமாக ஒருவர் விடாமல், 'நீடிக்கட்டும்' என்ற பொத்தானை அழுத்தியிருந்தார்கள்.

இயந்திரத்தில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. முப்பது வருட நீட்டிப்பு, மயிரிழையில் நிறைவேறியது. அந்த வித்தியாசம் குப்பத்து இளம்பிள்ளைகளின் எடையைவிடக் குறைவு. அவ்வளவு சின்ன எடையாலும் ஒன்றைத் தீர்மானிக்க முடியும் என்று அவள்தான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று வகுப்பில் அவள் எதையும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. ஆனால் வருகைப்பதிவு எடுக்கிற குரலே மாறியிருக்க வேண்டும். லத்திகா தானாக எழுந்தாள்.

"மிஸ், நான் நீடிக்கட்டும்னுதான் போட்டேன். நான் மட்டும் இல்ல."

"சொல்லணும்னு அவசியம் இல்லம்மா. அது உன் ரகசியம்."

"உங்ககிட்ட இன்னா மிஸ் ரகசியம்" என்றான் பின்னாலிருந்து ஜோவின்.

மகிழினி நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"மூடினா அஞ்சு வருஷம் கூட வரும்னு சொன்னீங்க" என்றாள் லத்திகா. "மூடின அன்னிக்கே அப்பாவுக்கு வேலை போயிடும். பிளாண்டு கோட்டால பாலிடெக்னிக் சீட்டு இருக்கு, அதுவும் போயிடும். தெருவுல பாதிப் பேரு வேற ஊருக்குப் போவணும். திரும்ப நிமிந்து நிக்கவே பத்து வருஷம் ஆவும். கைல இருக்கறதே இருபத்தேழு. கடைசில வர்ற அஞ்சுக்காக முன்னாடி இருக்கற பத்தைக் குடுக்கறதா மிஸ்? நான் மோட்டார் மெக்கானிக் படிக்கணும். படகு இன்ஜின் பாக்கணும். கொஞ்ச நாளாவது நல்லா இருக்கணும்."

"ஆனா இனிமே பிறக்கப்போற குழந்தைங்க..."

லத்திகா பக்கத்தில் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் முகத்தில் ஏற்கெனவே பேசி முடித்த ஒரு விஷயத்தின் தெளிவு இருந்தது.

"அதையும் பேசிக்கினோம் மிஸ். எங்க யாருக்கும் கொழந்த வேணாம்."

இன்னொரு கரண்டி சாதம் வேண்டாம் என்பது போலத்தான் அதைச் சொன்னாள்.

நீண்ட நாள் வாழப்போகிறவர்கள் நீண்ட நாளைப் பற்றி யோசிப்பார்கள் என்று நம்பித்தான் சட்டம் செய்தார்கள். கொஞ்ச நாள்தான் என்று தெரிந்துகொண்டவர்கள் எதைப் பற்றி யோசிப்பார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மகிழினிக்கும் தோன்றவில்லை. இந்தப் பிள்ளைகள் தப்பாகக் கணக்குப் போடவில்லை. அவள் கொடுத்த எண்களை வைத்துச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். கொடுக்க அவளிடம் வேறு எண்கள் இல்லை.

அப்போதுதான் மேசைமேல் இருந்த அலைபேசி ஒலித்தது. தென்மலைப் பள்ளியிலிருந்து வீடியோ அழைப்பு. எடுத்தபோது திரை முழுக்கப் பிள்ளைகளின் முகங்கள். முன்னால் தியா. அழுதழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"மிஸ், சாரி மிஸ். எங்க ஸ்கூல்ல எல்லாரும் நிறுத்தணும்னுதான் போட்டோம். எங்க பேரண்ட்ஸும் போட்டாங்க. எங்க ஊரே போட்டுச்சு மிஸ். நாங்க ப்ராமிஸை மீறல. அப்புறம் எப்படித் தோத்தோம்?"

முப்பது பேரும் மகிழினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோவின் எழுந்திருக்கப் போவது போல முன்னால் சாய்ந்து, பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எடை பத்தலைம்மா" என்றாள் மகிழினி.

தியா விசும்பி விசும்பி அழுதாள். லத்திகா எழுந்து வந்து, அலைபேசியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஏய், அழாத" என்றாள் மெதுவாக. "நீங்க எங்களுக்காகப் போட்டீங்க இல்ல? அதுவே போதும். போய் மூஞ்சி கழுவிக்கினு சாப்பிடு, போ."